டிராம்போலின் பார்க், வீட்டு டிராம்போலின், பயிற்சி வகுப்பு, பவுன்சி காசில்: எங்கே குதிக்க விடலாம்?

பிள்ளை துள்ளிக் குதிக்க ஆசைப்படுகிறது. ஓடியாடி உடம்பைப் பழக்க அது நல்ல ஆசைதான். அதை நிறைவேற்ற இன்று பெற்றோர் முன் நான்கு வழிகள் உள்ளன. ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய துள்ளு மெத்தைகளை, அதாவது டிராம்போலின்களை, வைத்து நேரக் கணக்கில் கட்டணம் வாங்கும் டிராம்போலின் பார்க். வாங்கி வந்து வீட்டில் பூட்டும் வட்ட டிராம்போலின். ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் பயிற்றுநர் நடத்தும் வகுப்பு. விழாக்களில் காற்றடித்து நிறுத்தும் பவுன்சி காசில். நான்கும் பார்வைக்கு ஒரே விளையாட்டு போலத் தெரிந்தாலும், அடிபடும் விதமும் அடியின் கனமும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

இவற்றை ஒப்பிடும்போது மெத்தை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, வலை எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: என் பிள்ளை குதிக்கும் அதே பரப்பில், அதே நொடியில், வேறு யார் குதிக்கிறார்கள்? அவர்களுடைய எடை என்ன? டிராம்போலின் காயங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே மெத்தையில் குதிக்கும்போது நேர்பவை. அப்படிச் சேர்ந்து குதிக்கையில், கூட்டத்தில் மிகச் சிறிய பிள்ளை காயப்படும் வாய்ப்பு பெரியவரை விட 14 மடங்கு அதிகம். அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அமைப்பு 2012-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கை இந்த இரண்டு கணக்குகளையும் முன்வைத்துத்தான் வீட்டு டிராம்போலின் வேண்டாம் என்றது.

மெத்தைக்குள் நடப்பது என்ன

டிராம்போலின் மெத்தை சும்மா வளைந்து கொடுக்கும் துணி என்று நினைக்கிறோம். அது ஆற்றலை வாங்கி வைத்துத் திருப்பித் தரும் கருவி. 60 கிலோ எடையுள்ளவர் அரை மீட்டர் உயரத்திலிருந்து அதில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மெத்தைக்குள் போகும் ஆற்றல், 15 கிலோ குழந்தை ஒன்றை 2 மீட்டர் உயரத்துக்கு எறியப் போதுமானது. முழுவதும் குழந்தைக்குப் போய்ச் சேராது. பாதி சேர்ந்தாலும் அந்தப் பிள்ளை தன் காலால் ஒருபோதும் எம்ப முடியாத 1 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. அங்கிருந்து இறங்கும் வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். எந்தப் பக்கம் சாய்ந்து விழுவது என்பது அதன் கையில் இல்லை.

பார்க்கும் பெரியவர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் குழந்தை தூக்கியெறியப்படாமலே எலும்பு முறியும் விதம் ஒன்று உண்டு. அது கண்ணில் படுவதே இல்லை. அப்பாவும் மூன்று வயது மகளும் கைகோத்துக் குதிக்கிறார்கள். அப்பா ஒரு கணம் முன்னதாக இறங்கி மேலே எழும்புகிறார். அவரை உதைத்து அனுப்பிய மெத்தை இன்னும் மேல்நோக்கி வந்துகொண்டிருக்கும் அதே கணத்தில் மகளின் பாதம் கீழே இறங்குகிறது. இறங்கும் காலும் ஏறும் மெத்தையும் எதிரெதிரே மோதுகின்றன. அவளைப் பொறுத்தவரை அது மெத்தை இல்லை, கெட்டித்தரை. தரை கூட அசையாமல் கிடக்கும், இது எதிர்த்து வந்து இடிக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, டிபியா எனும் கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதி அழுந்தி விரிசல் விடுகிறது. கீழே விழவில்லை, யார் மேலும் மோதவில்லை. பிள்ளை திடீரென்று உட்கார்ந்து அழுகிறது, அவ்வளவுதான். எலும்பு மருத்துவர்கள் இதை டிராம்போலின் முறிவு என்றே அழைக்கிறார்கள். 2 முதல் 5 வயதுக்குள்தான் இது அதிகம்.

அப்பா கையைப் பிடித்திருப்பது இங்கே எந்தக் காப்பும் தருவதில்லை. மடியில் வைத்துக்கொண்டு குதிப்பதும் அப்படியே. பாசத்தோடு செய்கிற காரியம்தான், ஆனால் ஆபத்தைக் கொண்டுவருவது அந்த எடை வித்தியாசம்தான்.

6 வயதுக்கு முன்

இதில் மழுப்ப இடமில்லை. 6 வயது நிறையாத பிள்ளைக்கு நான்கு வழிகளில் டிராம்போலின் மெத்தை உள்ள எதுவும் பொருந்தாது. அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் அகாடமியும் 6 வயதுக்குக் கீழ் டிராம்போலின் கூடாது என்கிறது. 5 வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகளுக்கு டிராம்போலினில் படும் காயங்களில் 48 சதவீதம் எலும்பு முறிவோ மூட்டு விலகலோ. 6 முதல் 17 வயதில் அது 29 சதவீதம். சின்னப் பிள்ளையின் எலும்பு இளசு, உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், விழும்போது உடம்பைச் சமாளிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

பல பார்க்குகளில் குட்டிப் பிள்ளைகளுக்கென்று தனி நேரமும் தனி மூலையும் இருக்கின்றன. அந்த மூலையில் டிராம்போலின் இல்லாமல் பஞ்சுப் பாளங்கள், சறுக்கு, பந்துக் குழி மட்டும் இருந்தால் தாராளமாக விடலாம். சின்ன டிராம்போலின்கள் இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். பெரியவரும் குழந்தையும் சேர்ந்து குதிக்கலாம் என்று எந்த பார்க் விளம்பரம் செய்தாலும், பாதுகாப்பு பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்வாக இருக்கலாம். 6 வயதுக்குள் அவர்களுக்கு முழுத் தடை; அதன் பிறகும் மருத்துவர் பார்த்துச் சொன்னால், பயிற்றுநர் உள்ள வகுப்பில் மட்டும். எலும்பு எளிதில் முறியும் நோய், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களையும் மருத்துவரிடம் கேட்காமல் ஏற்றக் கூடாது.

பார்க்: எங்கே வேறுபடுகிறது

வீட்டு டிராம்போலின் தனித்தீவு. பார்க்கில் பத்துப் பதினைந்து மெத்தைகளை இரும்புச் சட்டத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டி, இடையிலுள்ள ஸ்பிரிங்குகளையும் கம்பிகளையும் தடித்த பேட் போட்டு மூடியிருப்பார்கள். சுவரோரமும் சாய்வாக மெத்தைகள் இருக்கும். தரையில் விழும் பயம் இதனால் போகிறது. வீட்டில் நேரும் அடிகளோடு ஒப்பிட்டால் பார்க்கில் தலைக்காயம் குறைவுதான். ஆனால் கால் எலும்பு முறிவு, மூட்டு விலகல், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை, இவை அங்கே அதிகம். மெத்தைகள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதும், ஒரு மெத்தையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது பாதி பாதம் பேட்டிலும் பாதி மெத்தையிலும் பட்டுக் கணுக்கால் மடங்குவதும், பெரியவர்களும் இளைஞர்களும் கலந்து குதிப்பதும் சேர்ந்து இதற்குக் காரணமாகின்றன.

அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு டிராம்போலின் பார்க் காயத்தோடு வந்தவர்கள் 2010-ல் 581 பேர் என்றும், 2014-ல் 6,932 பேர் என்றும் பீடியாட்ரிக்ஸ் இதழில் 2016-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டுகளில் வீட்டு டிராம்போலினில் அடிபட்டவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 91,750 பேர். இந்த எண்களை நேருக்கு நேர் வைத்து பார்க்தான் பாதுகாப்பு என்று முடிவுகட்டக் கூடாது. அந்த ஆண்டுகளில் பார்க்குகளே விறுவிறுவென்று பெருகிக்கொண்டிருந்தன. வீட்டு டிராம்போலினோ ஏற்கெனவே லட்சக்கணக்கில் இருந்தது, அதில் பிள்ளைகள் தினமும் குதித்தார்கள். ஒருமுறை போய்வருவதில் எவ்வளவு ஆபத்து என்று இந்தக் கணக்கு சொல்லாது. எந்த மாதிரி அடி எங்கே படுகிறது என்பதைச் சொல்லும். நமக்கு உதவுவது அதுதான்.

ஒரு பார்க்குக்குள்ளேயே எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. சதுரம் சதுரமாக உள்ள திறந்த களத்தில், கூட்டம் இல்லாத நேரத்தில், தன் சதுரத்துக்குள் நின்று குதிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து ஓரளவு கட்டுக்குள் இருக்கும். அதே பிள்ளை பந்தெறி ஆட்டக் களத்துக்குப் போனால் கதை மாறும். அங்கே கண்ணெல்லாம் பந்தின் மேல், கால் எங்கே இறங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எதிரணி ஆள் தன் சதுரத்தை விட்டு ஓடிவருவதும் சகஜம். கூடைப்பந்து வளையத்தில் எம்பிப் பந்து போடும் பகுதியில் வளையத்தைப் பிடித்துத் தொங்கி, கை நழுவி மல்லாக்க விழுவது வழக்கமான விபத்து.

எங்கள் கணிப்பில் மிகவும் அஞ்ச வேண்டியது குழிகளை. கன சதுரப் பஞ்சுத் துண்டுகளை நிரப்பிய குழிக்குள் பாய்வது பிள்ளைகளுக்குப் பேரானந்தம். புதிதாக நிரப்பியபோது பஞ்சு நன்றாகத் தாங்கும். நாளாக ஆகப் பஞ்சு நொறுங்கித் தூளாகி அடியில் படிகிறது. மேலே உள்ளவை அழுந்திச் சிறுத்துப் போகின்றன. எல்லோரும் ஒரே இடத்தில் பாய்வதால் அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விழுகிறது. ஊழியர்கள் அடிக்கடி கிளறி விடாவிட்டால், பார்க்க நிறைந்திருக்கும் குழியில் பாய்ந்தவர் அடித்தளத்தையே தொட்டுவிடுவார். தலை முதலில் போனால் கழுத்து. கால் முதலில் போனால் கணுக்கால். உட்கார்ந்த வாக்கில் போனால் முதுகெலும்பு. இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் 2016 டிசம்பர் தொடங்கி 2017 பிப்ரவரி வரை, உயர மேடையிலிருந்து பஞ்சுக் குழிக்குள் குதிக்கும் ஒரே விளையாட்டில் 11 பேருக்கு முதுகெலும்பு முறிந்தது. அது நீதிமன்றம் வரை போன வழக்கு. மேடையிலிருந்து குழிக்குள் குதிக்கச் சொல்லும் எந்த விளையாட்டையும் எந்த வயதிலும் விட்டுவிடுங்கள்.

குழியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாய்ந்த பிள்ளை துண்டுகளுக்கிடையே புதைந்து, வெளியேறத் திணறும். மேலிருந்து அடுத்தவர் பாய்வார். மறைந்திருப்பவரை அவருக்குத் தெரியாது. இதனால்தான் பல பார்க்குகள் பஞ்சுக் குழியை எடுத்துவிட்டுக் காற்று மெத்தை வைக்கின்றன. விழுந்தவர் மேற்பரப்பிலேயே கிடப்பார், எழுந்து போவது எளிது. ஆனால் காற்று குறைந்த மெத்தையும் அடியைத் தொட விடும் என்பதால், ஓரத்தில் தொங்கித் துவண்டு கிடந்தால் ஏற விடாதீர்கள்.

வீட்டு டிராம்போலின்: பக்கத்தில் இருப்பதே பிரச்சினை

பார்க்குக்கு மாதம் ஒருமுறை போகலாம். வீட்டில் உள்ளதில் நாள்தோறும், பள்ளி விட்டு வந்ததும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு, பெரியவர் சமையலறையில் இருக்கும்போது குதிப்பார்கள். வாய்ப்பு கூடக் கூட அடியும் கூடும். பார்க்கில் குறைந்தபட்சம் விசில் ஊத ஒருவர் நிற்கிறார்.

வலை இருக்கிறதே என்பது பெற்றோர் சொல்லும் முதல் சமாதானம். வலை, வெளியே விழுவதைத் தடுக்கலாம். மெத்தைக்குள்ளேயே ஒருவர் மேல் ஒருவர் விழுவதையும், எடை வித்தியாசத்தால் கால் முறிவதையும் அது தொடக்கூட இல்லை. பிள்ளைகள் வலையில் சாய்ந்து எகிறவும் ஏறவும் பழகுகிறார்கள். வெயிலில் கிடந்த வலை இழை இழையாக இற்றுப்போய், ஒருநாள் சாய்ந்த பிள்ளையோடு கிழியும். விரலால் இழுத்துப் பார்த்து நூல் பொடிந்தால் வலையை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஸ்பிரிங்குகளை மூடும் பேட்டுக்கும் இதே கதி. உறை வெடித்து, உள்ளே பஞ்சு நீர் கோத்து நசுங்கி, நாடா அவிழ்ந்து நகர்ந்துவிடும். பிள்ளையின் கால் ஸ்பிரிங்குகளுக்கு இடையில் இறங்குவது அப்போதுதான்.

பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பதும் உண்மையாகவில்லை. காயங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பெரியவர் கண்முன்னேயே நடந்தவை என்று முன்சொன்ன 2012 அறிக்கை சொல்கிறது. பார்த்துக்கொண்டிருப்பது வேறு, இரண்டாவது பிள்ளை ஏறும்போது இறங்கச் சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்பவர்கள் குறைவு.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் சமதளத்தில் வையுங்கள். சுற்றிலும் குறைந்தது 2 மீட்டருக்குச் சுவர், வேலி, மரம், சைக்கிள் எதுவும் இருக்கக் கூடாது. தலைக்கு மேலே கிளையோ கம்பியோ கூடாது. மெத்தைக்கு அடியில் பந்தோ நாயோ பிள்ளையோ இருக்கக் கூடாது. குதித்து முடித்ததும் ஏணியைக் கழற்றி உள்ளே எடுத்து வையுங்கள்; சின்னத் தம்பி தானாக ஏறுவதை அது ஒன்றுதான் தடுக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஸ்பிரிங்காகப் பாருங்கள். யாரும் ஏறாதபோதே சுருள்களுக்கிடையே இடைவெளி தெரிந்தால் அது இழுபட்டுத் தளர்ந்துவிட்டது; ஒன்று மட்டும் தளர்ந்தால் மெத்தை ஒரு பக்கமாகத் தள்ளும். கொக்கி மாட்டும் இடத்தில் மெத்தையின் தையல் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டத்தை நிலத்தில் முளையடித்துக் கட்டாவிட்டால், பெருங்காற்றில் முழு டிராம்போலினும் பறந்து போகும். தரைமட்டத்தில் குழி தோண்டிப் பதிப்பது விழும் உயரத்தைக் குறைக்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் என்ற விதிக்கு அது மாற்று ஆகாது.

பயிற்சி வகுப்பு

நான்கில் எங்கள் முதல் தேர்வு இது, 6 வயது கடந்தவர்களுக்கு. வண்ண விளக்கும் பாட்டும் இல்லை. பிள்ளை முதல் நாள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அங்கே ஒரு மெத்தையில் ஒருவர்தான். முதல் பாடமே நிற்கக் கற்றுக்கொள்வது: மெத்தை தொடும்போது முழங்காலை மடக்கி, அது திருப்பித் தரும் உதையை உடம்புக்குள் வாங்கி, அசையாமல் நிற்பது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், தடுமாறும் நேரத்தில் பிள்ளையால் குதிப்பதை நிறுத்த முடியும். நிறுத்தத் தெரியாததால்தான் பலர் மூன்றாவது நான்காவது குதியில் மெத்தை ஓரம் போய் விழுகிறார்கள். அடுத்து நேர்க்குதி, மடக்குக்குதி, உட்கார்ந்து எழுவது, அரைத் திருப்பம் என்று படிப்படியாகப் போகும். குட்டிக்கரணம் மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும், அதுவும் பயிற்றுநர் பக்கத்தில் நின்று தாங்கும்போது.

2000-ல் சிட்னியிலிருந்து டிராம்போலின் ஒலிம்பிக் விளையாட்டு. அந்தப் போட்டி மெத்தை பெரியது, வலுவானது. தேர்ந்த வீரர்கள் அதில் 8 மீட்டர் வரை எழும்புவார்கள். அந்த மாதிரி மெத்தையில் உங்கள் பிள்ளையைக் கண்டபடி விட்டால் பார்க்கை விட மோசம். ஆகவே வகுப்பு என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். பயிற்றுநர் குதிப்பவரைப் பார்க்கிறாரா, செல்போனையா? மெத்தையின் இரு முனையிலும் தடித்த பாய்கள் உண்டா? வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகள் மெத்தைக்கு அடியில் தவழ்கிறார்களா? முதல் வாரத்திலேயே குட்டிக்கரணம் சொல்லிக்கொடுப்பதாகப் பெருமை பேசினால் வேறு கூடம் தேடுங்கள்.

பவுன்சி காசில்

இது மென்மையானது, உயரம் குறைவு, அதனால் கவலையில்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் நாள் ஒன்றுக்கு 30-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பவுன்சி காசில் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். இங்கும் பழைய காரணம் ஒன்று உண்டு: பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து குதிப்பது. வாசல் பக்கம் உருண்டு வெளியே விழுவது இன்னொன்று. வயதுவாரியாகப் பிரித்து, அடுத்தடுத்த முறையாக விட்டால் இந்த இரண்டும் பெருமளவு குறையும்.

இதில் மட்டும் உள்ள தனி ஆபத்து காற்று. கூடு முழுவதும் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். ஐரோப்பியத் தரம் 14960-ன்படி குறைந்தது 6 இடங்களில் தரையோடு கட்ட வேண்டும்; காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காற்றை இறக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் டெவன்போர்ட் என்ற ஊரில், 2021 டிசம்பர் 16 அன்று ஆரம்பப் பள்ளி ஆண்டிறுதி விழாவில் காற்று ஒரு பவுன்சி காசிலைத் தூக்கியது. ஆறு குழந்தைகள் இறந்தார்கள். மரத்தின் சின்னக் கிளைகள் மட்டும் ஆடும் காற்று பரவாயில்லை. இலை அடர்ந்த சிறு மரமே மொத்தமாக ஆடத் தொடங்கினால் அனுமதி கேட்காமல் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கட்டிய கயிறுகளை முன்னதாகவே சுற்றி நடந்து எண்ணிப் பாருங்கள். முளைக்குப் பதில் தண்ணீர் வாளியில் கட்டியிருந்தால் ஏற்ற வேண்டாம்.

கூரைக்குள் நிறுத்திய, வயதுவாரியாக விடப்படும் பவுன்சி காசில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு டிராம்போலின் பார்க்கை விட நல்லது. காற்று மெத்தை, இழுத்துக் கட்டிய டிராம்போலின் போல எதிர்த்து உதைப்பதில்லை.

பார்க்கே என்று முடிவானால்

பிறந்தநாள் அழைப்பு வந்துவிட்டது, வகுப்பு முழுவதும் போகிறது, உங்கள் பிள்ளைக்கு ஏழு வயது. மறுத்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. முன்கூட்டி ஒருமுறை பிள்ளை இல்லாமல் போய்ப் பார்ப்பது எல்லாவற்றையும் விடப் பயன் தரும். நிர்வாகத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்தப் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றுகிறீர்கள்? டிராம்போலின் களங்களுக்கென ஏ.எஸ்.டி.எம். எஃப்2970 என்ற தரம் 2013 முதல் உண்டு; ஐ.எஸ்.ஓ. 23659 என்ற உலகத் தரம் 2022-ல் வந்தது. இந்தப் பெயர்களே தெரியாதவர் மெத்தையை எதை வைத்துச் சோதிக்கிறார் என்பது கேள்விக்குறி. இரண்டாவது, தினசரிச் சோதனைப் பதிவேட்டைக் காட்ட முடியுமா? நல்ல பார்க்கில் திறக்கும் முன் யாராவது களம் முழுக்க நடந்து, கிழிசல், நகர்ந்த பேட், கழன்ற ஸ்பிரிங் எல்லாம் எழுதி வைப்பார்கள்.

பிறகு கண்ணால் பாருங்கள். ஒரு பேட்டின் ஓரத்தை அழுத்தினால் அது நகரக் கூடாது, அடியில் இரும்பு உறைக்கக் கூடாது. கண்காணிப்பாளர் ஒரு களத்துக்கு ஒருவராவது நிற்கிறாரா, அவர் பார்வை மறையும் மூலை உண்டா? இருவர் ஒரே சதுரத்தில் ஏறினால் என்ன செய்கிறார் என்று பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். அவர் விசில் ஊதி ஒருவரை இறக்கினால் அந்த பார்க்கைப் பற்றி நமக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. ஊதாவிட்டாலும் தெரிந்துவிட்டது. சுவரில் ஒட்டிய விதிப்பலகை எல்லா பார்க்கிலும் ஒன்றுதான்.

நேரம் முக்கியம். வார நாளில், திறந்தவுடன் வரும் முதல் வேளையில் கூட்டமில்லை, பெரிய பசங்கள் இல்லை. விடுமுறை மாலைதான் எல்லா வயதும் கலக்கும் நேரம். பிள்ளையின் பை, சாவி, கழுத்துச் சங்கிலி, கம்மல், பெல்ட் எல்லாம் வெளியே. வாயில் மிட்டாய் கூடாது, குதிக்கும்போது மூச்சுக்குழலில் போய்விடும். கிரிப் சாக்ஸ் அளவாக இருக்கட்டும், தேய்ந்த அடிப்பாகம் வழுக்கும். தலைமுடியைக் கட்டிவிடுங்கள், கண்ணை மறைக்காதபடி.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது நீண்ட பாடம் வேண்டாம். உன் சதுரத்தில் நீ மட்டும். நடுவில் குதி, இரண்டு காலாலும் இறங்கு. யாராவது உன் சதுரத்துக்குள் வந்தால் குதிப்பதை நிறுத்தி உட்கார். தலைகீழாகப் புரளாதே. இந்த நான்கும் போதும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே அழைத்துத் தண்ணீர் கொடுங்கள். கால் தளர்ந்தபின் குதிக்கும் கடைசி நேரத்தில்தான் கணுக்கால் மடங்கும். கட்டணம் போகிறதே என்று ஒரு மணி நேரத்தையும் குதித்துத் தீர்க்க வேண்டியதில்லை. நுழைவில் கையெழுத்துக் கேட்கும் பொறுப்புத் துறப்புப் படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதில் எழுதியிருக்கும் ஆபத்துப் பட்டியல்தான் அந்த பார்க்கைப் பற்றிய மிக வெளிப்படையான ஆவணம்.

அடிபட்டுவிட்டால்

தலைகுப்புற விழுந்தவர் கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப் போகிறது என்றால் யாரும் தூக்கக் கூடாது. சுற்றியுள்ளவர்களை மெத்தையை விட்டு மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். அவர்கள் அசைந்தால் அடிபட்டவரின் கழுத்தும் அசையும். தலை கழுத்தை இருந்த வாக்கில் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தால், குழறினால், எழுப்பச் சிரமமாக இருந்தால் உடனே மருத்துவமனை. சற்றே தலைசுற்றினாலும் அன்று மறுபடி குதிக்க வேண்டாம்.

கை ஊன்றி விழுந்து முழங்கை வீங்கினால், நீவி விடாதீர்கள், நேராக்கப் பார்க்காதீர்கள். இருந்த வாக்கிலேயே ஒரு துணியால் தாங்கல் கட்டுங்கள். விரல் வெளிறியோ குளிர்ந்தோ இருந்தால், அல்லது பிள்ளையால் விரலை அசைக்க முடியாவிட்டால், முழங்கைக்கு மேலே முறிந்து ரத்தக்குழாயோ நரம்போ அழுந்தியிருக்கலாம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும் என்பதால் மருத்துவர் பார்க்கும்வரை உண்ணவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம்.

ஏமாற்றுவது சின்னப் பிள்ளையின் கால்தான். வீக்கம் பெரிதாக இருக்காது. சிறிது அழுதுவிட்டு மடியில் உட்கார்ந்துகொள்ளும், மறுநாள் காலையில் காலை ஊன்ற மாட்டேன் என்று தவழும். சுளுக்கு என்று எண்ணெய் தடவி நாள் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் போனால் டிராம்போலினில் குதித்தது, கூட யார் குதித்தது, அவருடைய எடை என்ன என்று மறக்காமல் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே எங்கே தேட வேண்டும் என்று அது அவருக்குச் சொல்லிக்கொடுக்கும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கையில் புதிய எலும்பு படிவதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். மாவுக்கட்டுப் போட்டுக் கூடிவிட்ட பிறகும் சில பிள்ளைகளுக்கு அடுத்த ஓராண்டு ஒன்றரை ஆண்டில் முழங்காலுக்குக் கீழே கால் சற்று வெளிப்பக்கம் வளையும். வளர வளரப் பெரும்பாலும் அது தானே நேராகும். அதுவரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொண்டுபோய்க் காட்டி, இரு கால்களையும் சேர்த்து நிற்கவைத்து எடுத்த படங்களைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.